ஜீவனாம்சத்துக்காகப் பாடிய ஆல்பம்: மார்வின் கே, அன்னா கோர்டி

1977 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு விவாகரத்து வழக்கு முடிவுக்கு வந்தது. கணவர் மார்வின் கே, சோல் என்னும் கறுப்பின அமெரிக்க இசையின் மிகப் பெரிய பாடகர்களில் ஒருவர். மனைவி அன்னா கோர்டி. மார்வின் பாடிவந்த மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் முதலாளி பெர்ரி கோர்டிக்கு அன்னா அக்கா. ஆக, மனைவியோடு வழக்கு என்றால் மாமியார் வீட்டோடும் வேலை செய்யும் இடத்தோடும் சேர்த்து வழக்கு என்று அர்த்தம்.

மார்வினிடம் ரொக்கம் இல்லை. வரி பாக்கி இருந்தது, செலவுக்கும் குறைவில்லை. அவருடைய வக்கீல் கர்டிஸ் ஷா ஒரு வழி சொன்னார்: அடுத்து வரப்போகும் ஆல்பத்துக்கு மோட்டவுன் தரும் முன்பணத்தை அன்னாவுக்குக் கொடுத்துவிடலாம். அதன்படி ஒப்பந்தம் ஆனது. மொத்தம் 6 லட்சம் டாலர். அதில் 3,05,000 முன்பணத்திலிருந்து, மீதி 2,95,000 அந்த ஆல்பம் ஈட்டும் பணத்திலிருந்து.

இப்படி, இன்னும் ஒரு சுரம்கூடப் பாடப்படாத ஆல்பத்தின் வருமானம் பிரிந்துபோன மனைவிக்கு எழுதி வைக்கப்பட்டது. அதுதான் 1978 டிசம்பரில் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்த 'ஹியர், மை டியர்'. 'இந்தா கண்ணே, வாங்கிக்கொள்' என்று தலைப்பிலேயே ரசீதை நீட்டுகிறார். கடனைத் தீர்க்கச் செய்த வேலை எப்படித் திருமணத்தைப் பற்றிய இத்தனை நேர்மையான பாடல்களாக ஆனது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முன்கதை

இருவரும் மணந்தது 1963இல். மார்வினுக்கு 24 வயது, அன்னாவுக்கு 41. அன்னாவை 'முதலாளியின் அக்கா' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது தப்பு. 1959இலேயே தன் பெயரில் ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். தம்பியின் நிறுவனம் பெரிதாவதற்கு முன்பே அந்தத் தொழிலில் இருந்தவர். பாடலும் எழுதினார். 1969இல் தி ஒரிஜினல்ஸ் குழு பாடிய 'பேபி, ஐ'ம் ஃபார் ரியல்' அவரும் கணவரும் சேர்ந்து எழுதியது. கறுப்பின இசைக்கான விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது.

மண வாழ்க்கையின் தொடக்கத்தில் வந்த பாடல்களும் அன்னாவைப் பற்றியவைதான். 1963இல் வெற்றி பெற்ற 'பிரைட் அண்ட் ஜாய்' அவரை நினைத்து எழுதியது. நல்ல துள்ளலான பாட்டு. ஆனால் அதைக் கேட்டு அன்னா எப்படிப்பட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்தப் பெண் யாராகவும் இருக்கலாம். காதலில் இருக்கும் எந்த இளைஞனும் எந்தப் பெண்ணைப் பார்த்தும் அதைப் பாடலாம், பாடினார்கள். 14 வருஷம் கழித்து அதே கணவர் அதே மனைவியைப் பற்றிப் பாடியதை வேறு யாருக்கும் பாட முடியாது.

இடையில் நடந்தது நீண்ட கதை. இரு பக்கமும் துரோகம் இருந்தது, பலர் முன்னால் சண்டை நடந்தது, பிரிவதும் சேர்வதுமாக வருஷங்கள் போயின. 1973இல் மார்வின் ஜேனிஸ் ஹன்டர் என்ற பெண்ணைச் சந்தித்தார். அன்னா அவரைவிட 17 வயது மூத்தவர் என்றால், ஜேனிஸ் ஏறக்குறைய 17 வயது இளையவர். ஜேனிஸுக்கும் அவருக்கும் இரண்டு குழந்தைகள் பிறந்தன. 1975 நவம்பரில் அன்னா விவாகரத்துக்கு மனு போட்டார்.

மனு போடுவதற்கு இரண்டு வருஷம் முன்பே ஒரு பாட்டு வந்துவிட்டது. 1973இல் வெளியான 'லெட்'ஸ் கெட் இட் ஆன்' ஆல்பத்தைக் காமக் களிப்பின் கொண்டாட்டம் என்றுதான் எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதன் கடைசிப் பாட்டு 'ஜஸ்ட் டு கீப் யூ சாட்டிஸ்ஃபைட்'. மெட்டு பழையது. மோட்டவுனின் வேறு குழுக்கள் முன்பு பாடியபோது அது 'உன்னை விட்டு நீங்க மாட்டேன்' என்ற வகைப் பாட்டு. மார்வின் அதே மெட்டை எடுத்து வரிகளை மாற்றினார். பொறாமையையும் சண்டையையும் உனக்காகப் பொறுத்துக்கொண்டேன், இனி நமக்குக் காலம் கடந்துவிட்டது, போய் வருகிறேன் என்று பாடிவிட்டார். அந்தப் பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் அன்னாவின் பெயரும் இருக்கிறது. மனைவியோடு சேர்ந்து எழுதிய காதல் பாட்டை மனைவிக்கு விடைகொடுக்கும் பாட்டாக மாற்றிப் பாடியிருக்கிறார். 'ஹியர், மை டியர்' இங்கேதான் தொடங்கியது என்பது என் எண்ணம்.

ஏனோதானோ என்று தொடங்கியது

ஒப்பந்தம் ஆன பிறகு மார்வினுக்கு முதலில் தோன்றியது மிக மனிதத்தனமான எண்ணம்தான். பணம் எப்படியும் அன்னாவுக்குப் போகப்போகிறது, நான் எதற்கு உயிரைக் கொடுத்து உழைக்க வேண்டும்? ஏதோ ஒன்றை அவசரமாகப் பாடிக் கொடுத்தால் போதும். இதைப் பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டேவிட் ரிட்ஸிடம் அவரே சொல்லியிருக்கிறார். யோசிக்க யோசிக்க, அன்னாவுக்காக ஓர் ஆல்பம் என்ற எண்ணம் அவரை விடாமல் பிடித்துக்கொண்டது என்றும் சொன்னார். வாக்குமூலம், விசாரணை, பரஸ்பரக் குற்றச்சாட்டு என்று உள்ளே சேர்ந்து கிடந்ததை வெளியே கொட்டாவிட்டால் வெடித்துவிடுவோம் என்று பட்டிருக்கிறது. ஒலிப்பதிவாளர் ஆர்ட் ஸ்டூவர்ட்டை மைக்கைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, வாழ்ந்தது எல்லாம் வடிந்து தீரும்வரை பாடிக்கொண்டே இருந்தாராம்.

அவருக்கு அந்த வசதியும் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் பூலவார்டில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்தார். மணிக்கு இவ்வளவு வாடகை என்ற கணக்கு கிடையாது, பாட்டை எழுதி முடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இந்த ஆல்பத்தில் பல பாடல்களுக்குச் சரியான பல்லவி இல்லாமல் இருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். பேச ஆரம்பித்த மனிதர் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பேசிக்கொண்டே போவதுபோல மெட்டு நீள்கிறது. வணிகப் பாட்டுக்கு இது குறை. இந்த விஷயத்துக்கு இதுதான் பொருத்தம்.

இன்னொரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு, அது இதைவிட முக்கியம். 1971இன் 'வாட்'ஸ் கோயிங் ஆன்' பதிவின்போது, மார்வின் தனித்தனியாகப் பாடிய இரண்டு பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றாகக் கேட்க நேர்ந்தது. கென் சாண்ட்ஸ் என்ற பொறியாளர் தற்செயலாகச் செய்தது அது. இரண்டு குரலும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தும் குறுக்கே பேசியும் ஒலித்த விதம் மார்வினுக்குப் பிடித்துப்போய், அதுவே அவர் பாணி ஆகிவிட்டது. கீழ்க்குரலில் ஒரு மார்வின், உச்சக் குரலில் ஒரு மார்வின், கரகரத்த தொண்டையில் இன்னொரு மார்வின் என்று தனக்குத் தானே கோரஸ் பாடிக்கொள்வார்.

'ஹியர், மை டியர்' ஆல்பத்தில் அந்த உத்தி வேறு வேலை செய்கிறது. ஒரு குரல் அன்னாவைக் குற்றம் சாட்டும்போது பின்னால் இன்னொரு குரல் முனகுகிறது. ஒரு குரல் மார்தட்டும்போது வேறொன்று கெஞ்சுகிறது. கோர்ட்டில் ஒருவர் ஒரு பக்கம்தான் பேச முடியும். 'அவளும் பாவம்தான், நானும் தப்பு செய்தேன்' என்று சொன்னால் வக்கீல் தலையில் கை வைத்துக்கொள்வார். ஸ்டூடியோவில் ஒரே மனிதர் ஒரே நேரத்தில் மூன்று பக்கமும் பேசலாம். இந்தப் பாடல்களின் நேர்மை கோபத்தில் இருப்பதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். கோபம் யாருக்கும் வரும். தீர்ப்பு சொல்லாமல் எல்லாக் குரலையும் விட்டுவைத்ததில்தான் அது இருப்பதாக எனக்குப் படுகிறது.

பாடல்களுக்குள்

தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் அவர் பாடவில்லை, பேசுகிறார். இந்த ஆல்பம் உனக்குத்தான் சமர்ப்பணம், நீ கேட்டது இதுதான், இதில் நிறைய உண்மை இருக்கிறது என்கிறார். குரல் இதமாக இருக்கிறது, வார்த்தை ஊசி குத்துகிறது. மகனை வைத்துத் தன்னை அடக்கப் பார்க்கக் கூடாது என்ற வரியும் அதே பாட்டில் வருகிறது. பிரிந்துபோகும் தம்பதிகள் எந்த ஊரிலும் சண்டை போடுவது இதற்காகத்தானே.

அடுத்து 'ஐ மெட் எ லிட்டில் கேர்ள்'. இருவரும் சந்தித்த காலத்தில் பலர் குரல் சேர்த்துப் பாடிய டூ-வாப் பாணியில், தேனாக ஒலிக்கும் கோரஸோடு தொடங்குகிறது. பழைய இசையை வைத்தே பழைய நாளுக்குக் கூட்டிப் போகிறார். அங்கே இனிமை உண்மை, அதில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் பாடுகிறார். பாட்டு முடியும்போதுதான் வருஷங்களைச் சொல்லி, விடுதலை கிடைத்துவிட்டது என்று முடிக்கிறார். அந்த ஆனந்தத்தை நம்ப முடியவில்லை, அவரும் நம்பிப் பாடியதுபோல் தெரியவில்லை.

ஆல்பத்தின் உயிர் 'வென் டிட் யூ ஸ்டாப் லவிங் மீ, வென் டிட் ஐ ஸ்டாப் லவிங் யூ'. நீ என்னைக் காதலிப்பதை நிறுத்தியது எப்போது, நான் உன்னைக் காதலிப்பதை நிறுத்தியது எப்போது? கேள்வியின் முதல் பாதியை மட்டும் வைத்திருந்தால் அது புகார். இரண்டாம் பாதி வந்ததும் அவரே கூண்டில் ஏறி நிற்கிறார். ஆறு நிமிடம் ஓடும் பாட்டில் மனம் நிலைகொள்ளாமல் அலைகிறது. மனதார நேசித்திருந்தால் பிரிவதற்கு ஒரு மில்லியன் டாலர் கேட்டிருப்பாயா என்று சீறுகிறார். நாம் செய்தவற்றில் சில பெருமைப்படத் தக்கவை, சிலவற்றை மறைத்தோம் என்று 'நாம்' போட்டுப் பேசுகிறார். மகனைக் கொடுத்ததற்குக் கடவுளை வாழ்த்துகிறார். சண்டையில் நீ ஜெயித்தாலும் போரில் நான்தான் ஜெயிப்பேன் என்று வீம்பு பேசுகிறார். இந்த வீம்பை வெட்டி எறிந்திருந்தால் அவர் நல்லவராகத் தெரிந்திருப்பார், பாட்டு பொய்யாகியிருக்கும்.

'ஆங்கர்' (கோபம்) என்ற பாட்டின் தலைப்பைப் பார்த்தால் வெடிக்கும் என்று தோன்றும். ஆனால் அதில் அவர் தன் கோபத்தைத்தான் விசாரிக்கிறார். ஆத்திரத்தில் செய்தது எதுவும் எனக்கு நன்மை தந்ததில்லை, இதைப் புரிந்துகொள்ளும் வயது எப்போது வரும் என்று கேட்கிறார். 'இஸ் தட் இனஃப்' பாட்டில் அந்தம்மாவுக்குப் பழகிய வசதியோடு வாழ வழி செய் என்று நீதிபதி சொன்னதையும் வக்கீல் கட்டணத்தையும் சொல்லிப் புலம்புகிறார். ஜாஸ் சாயலில் நீளும் அந்த இசை அருமையானது. புலம்பலைவிட சாக்ஸபோன் அதிகம் சொல்கிறது.

'அன்னா'ஸ் சாங்' என்று பெயரைப் போட்டே ஒரு பாட்டு. அதில் வழக்கு இல்லை, பணம் இல்லை. அவர் அழகு, அவரோடு இருந்த நாள்கள், அப்புறம் அந்தப் பெயரை இழுத்துக் கூப்பிடும் ஓர் ஓலம். சட்டப்படி எல்லாம் முடிந்த பிறகு பாடியது இது. ஆல்பத்திலேயே தூய காதல் பாட்டு என்றால் இதைத்தான் சொல்வேன்.

எல்லாப் பாட்டும் இந்த உயரத்தில் இல்லை. 'எ ஃபங்கி ஸ்பேஸ் ரீஇன்கார்னேஷன்' எட்டு நிமிடத்துக்கும் மேல் விண்வெளியில் மிதக்கும் நடனப் பாட்டு. தனியாகக் கேட்கலாம், இங்கே அது விஷயத்தை விட்டு ஓடுகிறது. ஆல்பத்திலிருந்து தனி இசைத்தட்டாக வெளியிட மோட்டவுன் தேர்ந்தெடுத்தது இதைத்தான் என்பதில் ஆச்சரியம் இல்லை.

பாடல்களை அடுக்கிய வரிசையைக் கவனிக்க வேண்டும். இரட்டை இசைத்தட்டின் நான்காவது பக்கத்தில், ஜேனிஸை நினைத்துப் பாடிய 'ஃபாலிங் இன் லவ் அகெய்ன்' வருகிறது. புதுக் காதல், புது வாழ்க்கை. சாதாரணமாக யாரும் ஆல்பத்தை அங்கே முடித்திருப்பார்கள். மார்வின் முடிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக, அந்தப் பழைய கேள்வியின் மெட்டைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறார். நிறுத்தியது எப்போது என்ற கேள்விக்குப் புதுக் காதல் பதில் ஆகவில்லை என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

அன்னாவின் பக்கம்

இந்த ஆல்பத்தைப் புகழ்ந்து எழுதுபவர்கள் ஒரு விஷயத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். அன்னாவுக்கு இதில் பதில் சொல்ல இடமே இல்லை. மார்வினுக்கு எத்தனையோ குரல், அன்னாவுக்கு ஒன்றுகூட இல்லை. அவர் சொன்னதாக வருவதெல்லாம் மார்வின் சொல்வதுதான். அந்தரங்கத்தை ஊர் அறியப் போட்டு உடைத்ததற்காக வழக்குத் தொடரலாமா என்று அன்னா யோசித்ததாக அப்போது பத்திரிகையில் செய்தி வந்தது. வழக்கு எதுவும் நடக்கவில்லை.

நம் அகப்பாடல் மரபில் இதற்கு ஒரு காப்பு இருந்தது. அகத்திணையில் தலைவன், தலைவி யார் என்று பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பரத்தையிடம் போய்த் திரும்பிய கணவனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும் மருதத்துப் பெண் எவ்வளவு கடுமையாகவும் பேசலாம். அவள் இன்னார் என்று தெரியாததால் எந்த வீட்டு மானமும் போகாது. அது மட்டுமா, அங்கே பேசுவது பெரும்பாலும் தலைவியும் தோழியும்தான். கணவன் வாயடைத்து நிற்பான். மார்வின் இந்த இரண்டையும் தலைகீழாகச் செய்தார். பெயரைப் போட்டார், மனைவியைப் பேச விடவில்லை. பெயர் இல்லாமல் 'அன்னா'ஸ் சாங்' இருந்திருக்க முடியாது என்பது தெரிகிறது. அந்தப் பெயருக்கு உரியவர் தந்த விலையும் தெரிகிறது. கலை நன்றாக வந்திருக்கிறது என்பதால் அந்த விலை சரியாகிவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் மார்வின் தரப்பில் சொல்லலாம். அவர் தன்னையும் காப்பாற்றிக்கொள்ளவில்லை. 'டைம் டு கெட் இட் டுகெதர்' பாட்டில் தன் போதைப் பழக்கத்தையும் ஊதாரித்தனத்தையும் வீணாக்கிய நாள்களையும் சொல்லிவிடுகிறார். ஜீவனாம்சத்தைப் பற்றிப் புலம்பும் மனிதரின் பணம் எங்கே போனது என்பதற்கு அவரே சாட்சி.

வெளிவந்த பிறகு

உறையின் உள்பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. வியாபார விளையாட்டுப் பலகை போன்ற ஒன்றின் இரு பக்கமிருந்தும் ஓர் ஆணின் கையும் ஒரு பெண்ணின் கையும் நீள்கின்றன. ஆணின் கை ஓர் இசைத்தட்டை நீட்டுகிறது. வாங்கியவர்களுக்கு விஷயம் தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தது.

ஆனால் வாங்கியவர்கள் குறைவு. மார்வினின் வழக்கமான விற்பனையை வைத்துப் பார்த்தால் இது தோல்வி. பொதுப் பட்டியலில் 26ஆம் இடத்தைத் தாண்டவில்லை, கறுப்பின இசைப் பட்டியலில் 4ஆம் இடம். 1977இல்தான் 'காட் டு கிவ் இட் அப்' என்ற நடனப் பாட்டு பொதுப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது. டிஸ்கோ உச்சத்தில் இருந்த வருஷத்தில் ரசிகர்கள் அடுத்த நடனப் பாட்டுக்குக் காத்திருக்க, 70 நிமிடத்துக்கும் மேல் ஒரு விவாகரத்து வழக்கைக் கையில் கொடுத்தால் யார் ஆடுவது? விமர்சகர்கள் பலர் சலித்துக்கொண்டார்கள். மார்வினுக்கும் அதைக் கொண்டுபோய் விற்கும் ஆர்வம் இல்லை. மதிப்பு மெல்லத்தான் ஏறியது. பின்னாளில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் சிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் இடம்பிடித்தது.

ஜேனிஸை 1977 அக்டோபரில் மணந்திருந்தார். அந்தத் திருமணமும் நிலைக்கவில்லை. ஆல்பம் வெளிவந்தபோதே அங்கேயும் விரிசல் விழுந்திருந்தது. 1984 ஏப்ரல் 1இல், 45 வயது முடிய ஒரு நாள் இருக்கும்போது, தந்தையின் துப்பாக்கிக்கு மார்வின் பலியானார். அதற்கு முன்பே அன்னாவுக்கும் அவருக்கும் இடையே பகை ஆறியிருந்தது. அன்னா 2014 வரை வாழ்ந்தார்.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேராக இந்த ஆல்பத்துக்குப் போகாதீர்கள். முதலில் 1963இன் 'பிரைட் அண்ட் ஜாய்', அப்புறம் 1973இன் 'ஜஸ்ட் டு கீப் யூ சாட்டிஸ்ஃபைட்', அதன்பின் இது. பாடல்களை வரிசை மாற்றாமல், இடையில் தாவாமல் கேளுங்கள். விண்வெளிப் பாட்டை வேண்டுமானால் விட்டுவிடலாம். கடைசியில் வரும் அந்த ஒரு நிமிடத்தை விட்டுவிட வேண்டாம்.